மோஸ்தார் வாசகருக்கு எந்தச் செய்தித்தாள்? எல்லைக்கு வெளியே வாழும் குரோவாசியர்களின் நான்கு வழிகள்

பொஸ்னியா-ஹெர்செகோவினாவில் 2013-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழும் குரோவாசியர்கள் 5,44,780 பேர், அதாவது நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குச் சற்று மேல். 1992-95 பொஸ்னியப் போருக்கு முன், 1991-இல், இந்தத் தொகை 7,60,852. அரசியலமைப்பு இவர்களைச் சிறுபான்மையினர் என்று சொல்வதில்லை. பொஸ்னியாக்கியர் (பெரும்பாலும் முஸ்லிம்கள்), செர்பியர் ஆகியோரோடு நாட்டை ஆக்கிய மூன்று மக்களுள் ஒருவர் என்றே சொல்கிறது. ஆயினும் தங்கள் மொழியில் தங்கள் ஊரைப் பற்றி எழுதும் ஒரு நாளிதழ் வேண்டுமென்றால், அது யாரால், எங்கிருந்து, யாருடைய பணத்தில் நடத்தப்பட வேண்டும் என்ற கேள்விக்கு இவர்களிடம் ஒரே விடை இல்லை. அந்நாட்டின் தெற்கே உள்ள மோஸ்தார் நகரிலேயே தோன்றிய நாளிதழ், குரோவாசியத் தலைநகர் ஸாக்ரெப்பின் நாளிதழ் ஒன்றின் பொஸ்னியப் பதிப்பு, எல்லைக்கு அப்பால் குரோவாசியாவின் ஸ்ப்ளிட் நகரிலிருந்து வரும் வட்டார நாளிதழ், செர்பியாவிலும் ஆஸ்திரியாவிலும் உள்ள குரோவாசியர்கள் தேர்ந்துகொண்ட சமூக வார இதழ் என நான்கு வழிகள் கண்முன் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் வாசகர், ஒரு பத்திரிகைக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கவேண்டிய அமைப்பு என்ற இருவரின் நிலையிலிருந்தும் இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பது என் கணிப்பு.

எடைபோடுவதற்கு முன், இந்த வாசகர் செய்தித்தாளில் எதைத் தேடுகிறார் என்று பார்க்க வேண்டும். நம் நாளிதழ்களில் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களுக்கு உள்ள இடம் அந்நாட்டில் 'ஓஸ்மெர்த்னித்சா' எனப்படும் மரண அறிவிப்புக்கு உண்டு. பத்திரிகையில் வருவதோடு, தெருவோர மரங்களிலும் அதற்கென்றே உள்ள பலகைகளிலும் அதை ஒட்டுவார்கள். பச்சை விளிம்பும் பிறையும் இருந்தால் இறந்தவர் முஸ்லிம், சிலுவை இருந்தால் கிறித்தவர் என்பது எழுத்தைப் படிக்குமுன்பே தெரிந்துவிடும். ஒரு சிறு புகைப்படம், பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரமும் இடமும், கடைசியில் துயருறுவோரின் பட்டியல் என்று அதன் அமைப்பு பெரும்பாலும் மாறாது. சொற்கள்தாம் மாறும். குரோவாசியக் குடும்பத்தின் அறிவிப்பில் குடும்பத்துக்கு 'ஓபிதெல்' என்றும் இறுதி ஊர்வலத்துக்கு 'ஸ்ப்ரோவோத்' என்றும் இருக்கும். பொஸ்னியாக்கியக் குடும்பமாக இருந்தால் 'பொரொதித்சா' என்றும் 'ஜெனாசா' என்றும் இருக்கும். ரொட்டிக்கு ஒரு பக்கம் 'க்ரூஹ்', மறுபக்கம் 'ஹ்லெப்'. ஆயிரத்துக்கு ஒரு பக்கம் 'திசுச்சா', மறுபக்கம் 'ஹில்யாதா'. இரு தரப்பாருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு முழுதாகப் புரியும். புரிவது வேறு, நம் வீட்டுச் சொல்லால் நம் வீட்டுச் சாவு அறிவிக்கப்படுவது வேறு என்று நினைப்பவர்களுக்காகத்தான் தனிப் பத்திரிகை இருக்கிறது. எனவே எந்த வழியை எடைபோட்டாலும், இந்த அறிவிப்பு அந்தத் தாளில் எந்த இடத்தில், எத்தனை பேர் கண்ணில் படும்படி வரும் என்பதை நான் முதலில் கேட்பேன்.

முதல் வழி, ஊர் நாளிதழ். மோஸ்தாருக்கு அச்சு மரபு பழையது. கத்தோலிக்கப் பாதிரியார் ஃப்ரான்யோ மிலிசெவிச் 1872-இல் அங்கே அச்சகம் நிறுவினார். 1883-இல் 'ஹெர்செகொவாச்கி பொசில்யக்' என்ற இதழைத் தொடங்கினார். பொசில்யக் என்றால் நம் திருநீற்றுப்பச்சிலை. ஓர் இதழுக்கு இதைவிட மணமான பெயர் அமைவது அரிது. அந்த மரபின் அண்மைக் கிளையாக 2001-இல் 'த்னெவ்னி லிஸ்ட்' தொடங்கியது. பெயரின் பொருள் வெறும் 'நாளிதழ்' என்பதுதான்.

ஊர் நாளிதழின் வலிமை எது என்பதை மோஸ்தாரின் அண்மை வரலாறே காட்டும். 2008-க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை அந்நகரில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தேர்தல் விதிகளில் சில செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அவற்றை எப்படித் திருத்துவது என்பதில் நகரின் இரு பெரும் கட்சிகளும் உடன்படவில்லை. 2019-இல் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழி பிறந்தது. பதவிக்காலம் முடிந்த மேயர் ஒருவர் நகர மன்றமே இல்லாமல் நகரை நடத்திய அந்த ஆண்டுகளில் குப்பை எங்கே கொட்டப்படுகிறது, ஊபொரக் கிடங்கின் வாசலை ஏன் மக்கள் மறிக்கிறார்கள், நகரின் பட்ஜெட் யார் கையெழுத்தில் ஓடுகிறது என்பதையெல்லாம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்க ஒரு செய்தியாளர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். ஸாக்ரெப்பிலிருந்து பார்த்தால் இது ஆண்டுக்கு இரண்டு கட்டுரைக்கு உரிய விஷயம். மோஸ்தாரின் 'அலுமினிய்' என்ற அலுமினிய ஆலையின் கதையும் இப்படித்தான். மின்கட்டணக் கடன் முற்றி 2019 ஜூலையில் உலைகள் அணைந்த அன்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்தக் கடன் எப்படி ஏறியது என்பது ஊர்ப் பத்திரிகைக்கு உரிய வேலை.

இதே இடத்தில்தான் ஊர் நாளிதழின் பலவீனமும் இருக்கிறது. மோஸ்தாரைச் சூழ்ந்த ஹெர்செகோவினாப் பகுதியில் தொடர்ந்து விளம்பரம் தரக்கூடிய பெரிய நிறுவனங்களைக் கணக்கெடுத்தால் தொலைபேசி, மின்சாரம், அஞ்சல் என்று பெரும்பாலும் பொதுத்துறை நிறுவனங்களே தேறும். பொஸ்னியாவில் மூன்று மக்களுக்கு ஏற்ப மூன்று அஞ்சல் நிறுவனங்களும் மூன்று பெரிய தொலைபேசி நிறுவனங்களும் இருக்கின்றன. இவற்றின் நிர்வாகக் குழுக்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஆளும் கட்சிகளின் கைக்கு ஏற்ப மாறுகின்றன. குரோவாசியப் பகுதிகளில் ஆளும் கட்சி பல பத்தாண்டுகளாக ஒன்றுதான். அந்தக் கட்சியைப் பற்றிக் கடுமையாக எழுதும் ஆசிரியர் மறுமாதம் தம் விளம்பரப் பக்கத்தை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. இதற்கு எவரும் தொலைபேசியில் மிரட்ட வேண்டியதில்லை. விளம்பரதாரர் ஒருவரே என்ற நிலைமையே போதும்.

இரண்டாவது வழி, ஸாக்ரெப் நாளிதழின் பதிப்பு. 1959-இல் தொடங்கிய 'வெச்செர்னி லிஸ்ட்' (பெயர் 'மாலை இதழ்', வருவது காலையில்) பொஸ்னியா-ஹெர்செகோவினாவுக்கென்று தனிப் பதிப்பும் அதற்காக மோஸ்தாரில் செய்தியறையும் வைத்திருக்கிறது. அந்தப் பதிப்பின் பெயரில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 'வெச்செர்னியாகொவ் பெச்சாத்' விருது விழா அங்குள்ள குரோவாசியப் பொதுவாழ்வில் தவறவிடக்கூடாத நிகழ்ச்சி. பத்திரிகையின் உரிமையாளர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உள்ள ஸ்டிரியா ஊடகக் குழுமம். அதாவது பணம் கிராஸிலிருந்து, பொதுப் பக்கங்கள் ஸாக்ரெப்பிலிருந்து, உள்ளூர்ப் பக்கங்கள் மோஸ்தாரிலிருந்து.

இதை 'வெளியாள் பத்திரிகை' என்று ஒதுக்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பொஸ்னியக் குரோவாசியர்களில் மிகப் பலர் குரோவாசியக் குடியுரிமையும் உடையவர்கள். குரோவாசிய நாடாளுமன்றத்தில் நாட்டுக்கு வெளியே வாழும் குடிமக்களுக்கென்று மூன்று இடங்கள் உண்டு. அவற்றுக்கு வாக்களிப்போரில் பெரும்பங்கு ஹெர்செகோவினாக்காரர்கள். 2013 ஜூலை 1-இல் குரோவாசியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்த மோஸ்தார் இளைஞருக்கு டப்ளின், மியூனிக் வேலைச் சந்தைகள் திறக்கத் தொடங்கின. ஸாக்ரெப்பில் ஓய்வூதியச் சட்டம் மாறினால் ஹெர்செகோவினாவின் லியுபுஷ்கி ஊரில் உள்ள பாட்டியின் மாத வருமானம் மாறக்கூடும். ஆகவே ஸாக்ரெப் செய்தி இவர்களுக்கு அண்டை நாட்டுச் செய்தி அன்று. வீட்டுச் செய்தியில் பாதி. ஊர் நாளிதழ் ஒன்று தன் சிறிய செய்தியறையைக் கொண்டு இந்தப் பாதியை ஒருக்காலும் நன்றாகத் தர இயலாது. மேலும், உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால், மோஸ்தார் பொதுத்துறை நிறுவனம் ஒன்று விளம்பரத்தை நிறுத்தினாலும் பத்திரிகை அன்றே மூச்சுத் திணறாது.

குறை, கவனம் எங்கே குவிகிறது என்பதில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 21-ஆம் நாள் மோஸ்தாரின் ஸ்ரின்ஸ்கி கால்பந்துக் குழு நெதர்லாந்தின் அல்க்மார் குழுவிடம் 0-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று வென்றது. ஐரோப்பியப் போட்டியொன்றின் குழுச்சுற்றில் பொஸ்னியக் குழு ஒன்று ஆடியதே அதுதான் முதல் தடவை. 1905-இல் தொடங்கி, 1945-இல் தடைசெய்யப்பட்டு, 1992-இல் மீண்டும் உயிர்பெற்ற குழு அது. அது ஆடும் பியேலி ப்ரியேக் மைதானம் போருக்கு முன் எதிர்க்குழுவான வேலெஷுக்கு உரியதாக இருந்தது. இதையெல்லாம் உள்ளங்கை ரேகைபோல் அறிந்த விளையாட்டுச் செய்தியாளர் எழுதும் பத்திக்கும், வாரம் முழுவதும் குரோவாசியக் குழுக்களான தினாமோவையும் ஹய்துக்கையும் பற்றி எழுதுபவர் அன்று ஒருநாள் திரும்பிப் பார்த்து எழுதும் பத்திக்கும் உள்ள வேறுபாடு மோஸ்தார் வாசகருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்படி ஒரு நாளில் பதிப்பும் தன் முதற்பக்கத்தைக் கொடுக்கும். கொடுக்கவேண்டிய மற்ற முந்நூறு நாட்களைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொரு குறை சற்று நுட்பமானது. பொஸ்னியக் குரோவாசியர்களின் பெரிய அரசியல் மனக்குறை, மூன்று மக்களுக்கும் தலா ஓர் இடமுள்ள கூட்டு அதிபர் அவையில் தங்களுக்குரிய இடத்துக்கு ஷெல்கோ கொம்ஷிச் பெருமளவு பொஸ்னியாக்கியர் வாக்குகளால் 2006, 2010, 2018, 2022 என நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸாக்ரெப் பத்திரிகைக்கு இது எடுத்துச்செல்ல எளிதான கதை. அங்குள்ள கட்சிகளுக்கும் பிடித்தமான கதை. எளிதில் எடுத்துச்செல்லக்கூடிய மனக்குறை, எடுத்துச்செல்ல முடியாத குப்பைக் கிடங்கைப் பக்கத்திலிருந்து தள்ளிவிடுகிறது. மனக்குறை பொய் என்று சொல்லவில்லை. வாசகருக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்ப்ளிட்டின் 'ஸ்லோபொத்னா தல்மாத்சியா' 1943 ஜூன் 17-இல், நகரம் இத்தாலியர் வசம் இருந்தபோது, மேலே மோசோர் மலையில் பார்த்திசான் எனப்பட்ட எதிர்ப்புப் போராளிகள் வெளியிட்ட தாள். மேற்கு ஹெர்செகோவினா பூகோளப்படி தல்மாத்சியக் கரையின் பின்நிலம். கிரூதெக்காரருக்கு இமொத்ஸ்கி சந்தை பக்கத்தில், சாப்லியினாக்காரருக்கு மெத்கொவிச் அடுத்த ஊர். வட்டார நாளிதழ் என்ற சொல்லுக்கு ஏற்ப இயல்பாகப் பொருந்துவது இதுதான், ஆனால் அரசு எல்லை நடுவே கிடக்கிறது. ஒன்றியத்தின் வெளி எல்லையாகவே அது ஆகிவிட்டபின், ஸ்ப்ளிட் பத்திரிகை ஹெர்செகோவினாவைத் தன் முற்றமாக நினைப்பது மேலும் கடினம். எல்லையோர ஊர்களில் இரண்டாம் பத்திரிகையாக வாங்கத் தக்கது. முதற்பத்திரிகையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழிதான் பலரும் தாழ்வாக நினைப்பது. நாளிதழ் நடத்த முடியாதவர்கள்தாம் வார இதழ் நடத்துகிறார்கள் என்ற எண்ணம் இதற்குக் காரணம். செர்பியாவின் வட பகுதியான வொய்வொதினாவில், சுபோதித்சா நகரில், 1945-இல் 'ஹர்வாத்ஸ்கா ரியேச்' (குரோவாசியச் சொல்) தொடங்கியது. 1956-இல் அதன் பெயர் 'சுபோதிச்கே நோவினே' என்று மாற்றப்பட்டது. சுபோதித்சா நின்றது, குரோவாசியர் என்ற சொல் போயிற்று. அந்தச் சொல் மீண்டும் ஒரு வார இதழின் தலைப்பில் ஏற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்த இதழின் நிறுவனர் உரிமை, அங்குள்ள குரோவாசியர்களின் தேசிய மன்றத்திடம் இருக்கிறது. செலவின் பெரும்பகுதி மாகாண வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருகிறது.

செர்பியாவில் குரோவாசியர்கள் 2011-இல் 57,900 பேர். 2022-இல் 39,107 பேர். அதே கணக்கில் தங்களைப் புன்யெவ்த்சி என்று தனியாகப் பதிந்துகொண்டவர்கள் 11,104 பேர். புன்யெவ்த்சியர் குரோவாசியரில் ஒரு பிரிவா, தனி இனமா என்பது அங்கே இன்னும் சூடாறாத வழக்கு. இவ்வளவு சிறிய, சுருங்கிவரும், தன் பெயரைப் பற்றியே உள்ளுக்குள் உடன்படாத வாசகர் கூட்டத்தைக் கொண்டு எந்தக் கணக்குப் போட்டாலும் நாளிதழ் நடக்காது. வார இதழ் நடக்கிறது. பள்ளியில் குரோவாசிய வகுப்புக்கு எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள், ஊர்க் கலைச்சங்கம் எந்த விழாவுக்குப் போயிற்று, கிராமத்துக் கோயில் திருநாள் எப்போது என்பவற்றுக்கு ஒரு வாரத் தாமதம் ஒரு குறையே இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனர் உரிமை மன்றத்திடம் என்றால் ஆசிரியரை அமர்த்துவதிலும் மன்றத்தின் கை உண்டு. மன்றத் தேர்தலில் தோற்ற தரப்பு இதழை எதிர்த்தரப்பின் குரலாகப் பார்க்கத் தொடங்கும். மோஸ்தாரில் ஒரு கட்சி, ஒரு விளம்பரதாரர் என்றால் இங்கே ஒரு மன்றம், ஒரு மானியம்.

ஆஸ்திரியாவின் புர்கன்லாந்து இன்னும் தொலைவான எடுத்துக்காட்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் படையெடுப்பிலிருந்து விலகிச் சென்று குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்குள்ள குரோவாசியர்கள். அவர்களுக்கென்று 1910-இல் ஹங்கேரியின் க்யோர் நகரில் 'நாஷே நோவினே' (நம் செய்தித்தாள்) தொடங்கியது. அந்த மரபில் வரும் வார இதழ் 'ஹர்வாத்ஸ்கே நோவினே', மாநிலத் தலைநகர் ஐசன்ஸ்டாட்டிலிருந்து வெளிவருகிறது. 1955-ஆம் ஆண்டு ஆஸ்திரிய அரசு உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு இவர்களின் மொழியுரிமைக்கு அடிப்படை. இந்த இதழ் எழுதப்படுவது ஸாக்ரெப் குரோவாசிய மொழியில் அன்று. நானூறு ஆண்டு தனித்து வளர்ந்த புர்கன்லாந்துக் குரோவாசிய மொழியில். ஸாக்ரெப் நாளிதழின் பதிப்பு என்ற இரண்டாம் வழி இவர்களுக்கு அடியோடு அடைபட்டுவிடுகிறது, ஏனெனில் அந்தப் பதிப்பு எவ்வளவு நன்றாக அச்சிடப்பட்டாலும் இவர்களின் மொழியில் இருக்காது. நாள்தோறும் உலகச் செய்தியை அறிய இவர்கள் ஜெர்மன் பத்திரிகையைப் படிக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை தங்கள் கிராமத்தைத் தங்கள் மொழியில் படிக்கிறார்கள். இந்த வேலைப் பிரிவினைதான் மோஸ்தாருக்கும் ஏதோ சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பணக்கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொஸ்னியாவில் 2006 முதல் மதிப்புக்கூட்டு வரி ஒரே விகிதம், 17 சதவீதம், செய்தித்தாளுக்கும் அதுதான். குரோவாசியாவில் நாளிதழ்களுக்கு 5 சதவீதம் மட்டுமே. நாளிதழின் செலவில் பெரும்பகுதி பிரதி எண்ணிக்கையைப் பொறுத்தது அன்று. செய்தியறைச் சம்பளம், இரவுப்பணி, அச்சு இயந்திர நேரம், அதிகாலை வண்டி எல்லாம் ஐயாயிரம் பிரதிக்கும் ஐம்பதாயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றே. பெட்டிக்கடையிலிருந்து விற்காமல் திரும்பும் கட்டு நாள்தோறும் நட்டம்; வார இதழில் அந்தக் கட்டு ஏழு நாள் கடையில் கிடந்து விற்க வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு மோஸ்தாரிலிருந்தே இயங்கும் இணையச் செய்தித் தளங்கள் விபத்து, மின்தடை, வானிலை ஆகியவற்றைச் சில நிமிடங்களில் இலவசமாகத் தருகின்றன. வேகம் என்ற ஒரே சிறப்பு நாளிதழின் கையைவிட்டுப் போய்விட்டது.

வாசகர் கூட்டமும் ஓரிடத்தில் இல்லை. மோஸ்தார், மேற்கு ஹெர்செகோவினா, லிவ்னோ, தோமிஸ்லாவ்கிராத் என்பவை ஒரு தொகுதி. நடு பொஸ்னியாவில் வித்தேஸ், கிசெல்யாக் வேறொன்று. வடக்கே சாவா ஆற்றங்கரையில் ஓராஷ்யே. பாலத்தைக் கடந்தால் குரோவாசியாவின் ஷுப்பன்யா. ஓராஷ்யேக்காரருக்கு மோஸ்தாரின் தண்ணீர்க் கட்டணத்தைவிட ஒசியெக் நகரின் மருத்துவமனைச் செய்தி பயன் தரும். 'பொஸ்னியக் குரோவாசியர்களுக்கு ஒரு நாளிதழ்' என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் மனத்தில் வைப்பது ஹெர்செகோவினாக்காரரை மட்டும்தான். மோஸ்தாரிலிருந்து வரும் எந்த நாளிதழுக்கும் இது பொருந்தும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மோஸ்தாரில் ஒரு குடும்பம் நாள்தோறும் ஒரே தாளுக்குத்தான் தன் மார்க்கை (பொஸ்னிய நாணயம்) செலவிட முடியும் என்றால், வெச்செர்னியின் பொஸ்னியப் பதிப்பை வாங்கச் சொல்வேன். அவர்கள் வாழ்வின் ஸாக்ரெப் பாதியை முழுமையாகவும் மோஸ்தார் பாதியை ஓரளவும் அது தருகிறது. ஊர் நாளிதழ் தன் ஒரு பாதியைக்கூட அச்சமின்றித் தரும் நிலையில் இல்லை. மரண அறிவிப்பைப் பொறுத்தும் பதிப்புக்கே என் வாக்கு, ஏனென்றால் ஊரைவிட்டு ஸாக்ரெப்புக்குப் போன உறவினர்களின் கண்ணிலும் அது பட வாய்ப்பிருக்கிறது. ஊர் நாளிதழை விரும்புவோரிடம் எனக்கு வழக்கில்லை. அவர்கள் இழப்பதாகச் சொல்வது உண்மையான இழப்பு.

பொதுப்பணத்தை வைத்திருப்பவரின் முடிவு நேர்மாறாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கன்டோன் எனப்படும் வட்டாரப் பிரிவின் அரசோ, வெளிநாட்டுக் குரோவாசியர்களுக்கென்று ஸாக்ரெப் ஒதுக்கும் நிதியோ, அது பதிப்புக்குப் போகத் தேவையில்லை. அது தன் சொந்தக் காலில் நிற்கிறது. புதிய நாளிதழுக்கும் போகக் கூடாது. ஆறு நாள் அச்சுச் செலவு அந்தப் பணத்தை விழுங்கிவிட்டு மீதிக்கு அதே பொதுத்துறை விளம்பரங்களிடம் கையேந்த வைக்கும். சுபோதித்சா போன்ற ஒரு வார இதழ், மோஸ்தாரை மட்டும் மையமாக வைக்காமல் ஓராஷ்யேக்கும் வித்தேஸுக்கும் தலா ஒரு முழுநேரச் செய்தியாளரை அமர்த்தும் வார இதழ், அதே பணத்தில் கூடுதலாகச் செய்யும். குப்பைக் கிடங்கையும் ஆலைக் கடனையும் பற்றி எழுத ஒருவருக்கு இருபத்து நான்கு மணி நேரத்தைவிட ஆறு நாட்கள் கிடைப்பது நல்லது.

ஆனால் சுபோதித்சாவின் ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து நடக் கூடாது. ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெறும் மானியமாக இருந்தால் ஆசிரியரின் ஒரு கண் எப்போதும் அடுத்த தேர்தல்மேல் இருக்கும். குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கான தொகையை ஒரே ஒப்பந்தமாக எழுதித் தரவேண்டும். அந்த நான்கு ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலுக்கும் பொதுத் தேர்தலுக்கும் நடுவே தொடங்கி நடுவே முடியும்படி நாள் குறிக்க வேண்டும். ஆசிரியரை நீக்கும் அதிகாரம் பணம் தருபவரிடம் இருக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒப்பாத அமைப்பு அந்தப் பணத்தைக் கிராம நூலகங்களுக்கு வெச்செர்னி சந்தா கட்டச் செலவிடலாம்.